வாளியைக் கலக்கியவன்

பதினான்கு வயதில் எனக்குக் கிடைத்த வேலை
கையை நிறுத்தாமல் இருப்பது.

பைசாண்டு இறைச்சி ஆலையில்
மாட்டின் கழுத்திலிருந்து வாளிக்குள் இறங்கும் இரத்தத்தை
முழங்கைவரை கைவிட்டுக் கலக்க வேண்டும்.
விரல்களில் வெள்ளை நார்கள் வந்து சுற்றிக்கொள்ளும்.
வாரி எறிந்துவிட்டால் மிச்சம் உறையாது,
குடலில் அடைக்கும் மோர்சிஷாவுக்குப் போகும்.
ஒரே ஒருமுறை தும்மினேன்.
வாளி கட்டிதட்டிவிட்டது.
மேஸ்திரி சரவியா அன்றைய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டான்.

எழுபத்தொன்றில்
அதே வேலை என் நெஞ்சுக்குள் நடக்கிறதாம்.
கலக்குவது
சட்டைப் பொத்தானைவிடச் சின்ன மாத்திரை.
எண்பத்தொரு மில்லிகிராம்.
காளையைச் சாய்த்த கைக்கு
இதைப் பிடிக்கவே வெட்கமாக இருந்தது.

"நாரை வாருவதில்லை இது, இசிதோரோ"
என்றாள் டாக்டர் நிவேயா எச்செவெரி.
"நாருக்கு முன்னால் வந்து சேருகிறவர்களைக் கவனிக்கிறது."
சீட்டின் முதுகில் ஒரு தட்டு வரைந்தாள்.
எனக்கு அது எம்பனாடாவாகத்தான் தெரிந்தது.

தட்டணு.
மஜ்ஜையில் ஒரு பெரிய செல்
தன்னைத் தானே கிள்ளி எறிந்த துண்டு.
உட்கரு இல்லை.
அடுப்பில்லாமல் ஊர்விட்டு வந்தவன்.
கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு?
எட்டு நாள், பத்து நாள்.
அந்தச் சோற்றுமூட்டைக்குள் ஒரு நொதி,
குழாயில் கீறல் கண்டால்
"வாங்கடா, எல்லோரும் வாங்க" என்று கூவ வைப்பது.
அந்தக் கூவலுக்குப் பெயர் த்ராம்பாக்ஸேன்.

மாத்திரை அவன் தொண்டையில் ஈயத்தை ஊற்றிவிடுகிறது.
பிறகு சாகும்வரை அந்த வழியில் குரலில்லை.
புதிதாய் ஒரு தொண்டை செய்துகொள்ள
அவனிடம் ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை.

"அப்படியானால் சுவருக்கு?" என்றேன்.
கேட்கத் தோன்றியதே என்று அவள் நிமிர்ந்தாள்.
நாளத்தின் உட்சுவரிலும் அதே குலத்து நொதிதான்.
ஆனால் அது சொல்வது வேறு:
"கலைந்து போங்கள், இங்கே ஒன்றுமில்லை."
சுவருக்கு உட்கரு உண்டு.
காலையில் வாயடைத்தால்
மாலைக்குள் இன்னொன்று சமைத்துவிடும்.

பிறகு கல்லீரல்.
ஆலை வாசலில் எங்களிடம் கத்தியைப் பிடுங்கிக்கொண்ட
காவல்காரனைப் போன்றதாம் அது.
குடலோரத்து இரத்தத்தில் தட்டணுக்கள் கடந்துபோகும்போதே
மாத்திரை தன் காரியத்தை முடித்துவிடுகிறது.
ஊருக்குள் நுழைவது பெரும்பாலும் வெறுங்கையோடு.
அதனால்தான் சின்ன அளவு.
கூட்டினால் சுவரும் ஊமையாகும்,
வயிறும் கசியும்.

எல்லாம் புரிந்ததென்று சொல்லிவிட்டு
வீட்டில் எனக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டேன்.
கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சொன்னபோது
நானாகவே மாத்திரையை நிறுத்தினேன்.
நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு புதியவர்கள்,
தொண்டையோடு வருகிறவர்கள்.
நாட்காட்டியில் கோடு கிழித்தேன்.
நான்காவது கோட்டில் ஸுல்மா பார்த்துவிட்டாள்.
நேரே டாக்டருக்குத் தொலைபேசி.
முப்பத்தெட்டு வருட மனைவி
அந்தக் குரலில் என்னோடு பேசியதே இல்லை.
"பல்லுக்குப் பயந்து
இதயத்தைத் திறந்து போட்டிருக்கிறான்."

மாத்திரையோடுதான் பிடுங்கினார்கள்.

பஞ்சுத்துணியைக் கடித்துக்கொண்டு
காத்திருப்பு அறையில் உட்கார்ந்தேன்.
இருபது நிமிடம். துணி மாற்றினார்கள்.
எச்சிலில் இரும்பு, பழைய ஆலை வாசம்.
எதிரே ஒரு பெண் மாத்தே உறிஞ்சியபடி
என் வாயையே பார்த்தாள்.
நாற்பது நிமிடம்.
கூவ முடிந்த கொஞ்சம் பேர்,
வேறு வழியில் சைகை காட்டுகிற ஊமைகள்,
பின்னாலேயே அந்த வெள்ளை நார்கள்,
ஒவ்வொருவராகக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

அப்போதுதான் கவனித்தேன்,
முழங்கால்மேல் என் வலது கை
தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

நிறுத்தினேன்.
கட்டட்டும்.